வேலியில் கட்டிய வெள்ளைத் துணி: சாதாரண மக்களின் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது?

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குள் நுழைந்த ஒரு பெண், அரசனைக் குற்றவாளி என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்த இடம் அது. பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: “சேர், பாண்டியனுக்கு வெட்கம் இருந்திச்சு. பிழையெண்டு தெரிஞ்சதும் செத்துப் போயிட்டான். வெட்கமில்லாத ராசாவுக்கு முன்னால சிலம்ப ஒடைச்சி என்ன பிரயோசனம்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்ததால் தப்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்காமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தூரத்து நாடுகளுக்குப் போகவேண்டியதில்லை. 2020 முதல் 2022 வரை நாம் கண்முன்னே கண்டவையே போதுமானவை.

ஆட்சி எதில் நிற்கிறது?

ஓர் ஆட்சியாளர் தன் கையால் எதையும் செய்வதில்லை. அவர் கையொப்பமிடும் கட்டளையை ஒரு எழுதுவினைஞர் தட்டச்சு செய்யவேண்டும்; ஓர் அதிகாரி அனுப்பவேண்டும்; ஒரு பொலிஸ்காரர் நிறைவேற்றவேண்டும்; ஒரு பத்திரிகை அதை நியாயப்படுத்தவேண்டும்; ஒரு மதத்தலைவர் ஆசீர்வதிக்கவேண்டும்; கடைசியில் நீங்களும் நானும் அதற்குப் பணியவேண்டும். இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் கழன்றுபோகின்றனவோ அத்தனை தூரம் அந்தக் கட்டளை வெறும் கடதாசியாகிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜீன் ஷார்ப் 1973இல் வெளியிட்ட நூலில் இந்த அடிப்படையிலிருந்துதான் வன்முறையற்ற எதிர்ப்பின் 198 முறைகளைத் தொகுத்தார். ஊர்வலம், கடையடைப்பு, வேலைநிறுத்தம், கையொப்பமிட மறுத்தல், துக்கத்தைப் பகிரங்கமாக அனுஷ்டித்தல் எல்லாம் அவற்றில் அடங்கும்.

இது ஏதோ மேற்கத்தேயச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. வடமேற்கு எல்லை மாகாணத்தின் பஷ்தூன் முஸ்லிம்களைத் திரட்டி கான் அப்துல் கஃபார் கான் 1929இல் ‘குதாயி கித்மத்கார்’ இயக்கத்தைத் தொடங்கினார். துப்பாக்கியும் பழிக்குப்பழியும் வாழ்க்கையோடு ஒட்டியிருந்த ஒரு சமூகத்திடம் அவர் ஸப்ரைப் போராட்ட முறையாகக் கற்றுக்கொடுத்தார். 1930 ஏப்ரல் 23இல் பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் பிரித்தானியப் படை நிராயுதபாணிகள்மீது சுட்டது. ஆனால், அவர்களை அடக்க அனுப்பப்பட்ட கட்வால் படைப்பிரிவின் சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். அவர்களுக்குக் கடுமையான சிறைத்தண்டனை கிடைத்தது. சுட மறுத்தவர்கள் இந்துக்கள், சுடப்படவேண்டியவர்கள் முஸ்லிம்கள். எதிரே நின்றவர்கள் கையில் ஆயுதம் இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களுக்கு மறுக்கும் துணிவு வந்திருக்குமா?

இதை எண்ணிக்கையாகவும் பார்த்திருக்கிறார்கள். எரிகா செனோவெத், மரியா ஸ்டெபன் ஆகியோர் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 பெரும் போராட்டங்களை ஒப்பிட்டு 2011இல் ஒரு நூல் வெளியிட்டனர். வன்முறையற்றவை ஏறத்தாழப் பாதிக்குச் சற்று அதிகமாக வென்றிருந்தன. ஆயுதம் ஏந்தியவை வென்றது நான்கில் ஒரு பங்கு அளவிலேதான். காரணம் எளிது. ஆயுதப் போராட்டத்துக்கு இளைஞர்கள் மட்டும்தான் போகலாம். மற்றதற்கு உம்மாவும் வரலாம், மூத்தம்மாவும் வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளையும் வரலாம்.

எரிந்த ஜனாஸாக்கள்

இனி நம் கதைக்கு வருவோம். 2020 மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் கொவிட்டினால் இறந்த ஒரு முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உலகமெங்கும் அடக்கம் செய்துகொண்டும் இருந்தார்கள்.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நாம் குரலே எடுக்க முடியாத சமூகமாக இருந்தோம். அரபு எழுத்துள்ள கிதாபுகளைக்கூட மறைத்து வைத்த வீடுகள் எத்தனை! மன்னாரைச் சேர்ந்த இளம் தமிழாசிரியர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை எழுதியதற்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானார். 19 மாதங்கள் தடுப்பில் இருந்தார். கடைசியில் 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதைக்குச் சிறை என்றால், அதே பாடத்தைப் படிப்பிக்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் முகநூலில் பழைய பதிவுகள் பலதை அந்த மாதம் நானே அழித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வந்தவன் தன் பயத்தை மறைத்துவிட்டு எழுத முடியாது.

முறையான வழிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மூடின. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தத்துக்கு, எதிரணியிலிருந்து தெரிவான முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரே கையுயர்த்தினார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் எரிப்புக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே நிராகரித்தது. பாராளுமன்றமும் நீதிமன்றமும் கைவிட்டபிறகு மிஞ்சியது சாதாரண சனம்தான்.

சனம் முதலில் செய்த காரியம் மிகச் சிறியது. கொழும்பில் சில குடும்பங்கள் தங்கள் மையித்துகளைப் பொறுப்பேற்க மறுத்தன. எரிப்பதற்குச் சம்மதம் என்று கையொப்பமிட மாட்டோம் என்றன. ஒரு பிணவறைக்கு முன்னால், கண்ணீரோடு, பேனையை வாங்க மறுத்து நிற்பதைவிடத் தனிமையான போராட்டம் வேறு இருக்குமா தெரியவில்லை. அரசாங்கம் என்ன செய்தது? உரிமை கோரப்படாத 19 உடல்களையும் எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை சொன்னார். எரித்தார்கள். ஆனால் அதுவரை ‘குடும்பத்தின் சம்மதத்தோடு’ என்ற போர்வை இருந்தது. அது விழுந்துவிட்டது. அரசு தனியாக, தன் கைகளாலேயே அதைச் செய்யவேண்டி வந்தது.

டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அடுத்த சில நாட்களில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் யாரோ ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கட்டினார்கள். பிறகு இன்னொன்று. பிறகு நூற்றுக்கணக்கில். சிங்கள இளைஞர்கள், கிறிஸ்தவ மதகுருமார், தமிழ்ப் பெண்கள் என்று பலரும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. அகற்றியதும் துணி வீடுகளின் படலைகளுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. உம்மா ஹஜ்ஜுக்குப் போனபோது தனக்கென்று கொண்டுவந்த கபன் துணியைப் பல வருடங்களாக அலுமாரியில் மடித்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில் ஒரு சாண் கிழித்தெடுத்து கேற்றில் கட்டினார். நான் பதறினேன். “உம்மா, நான் அரசாங்க உத்தியோகம். ஆரும் போட்டோ எடுத்துப் போட்டா?” என்றேன். “இது எனக்கிட்ட துணி மகன். என்னைப் பொதியிறத்துக்கு வச்சது. அவங்க என்னை எரிக்கிறதெண்டா இது எனக்கெதுக்கு?” என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாள் காலை பார்த்தேன், எங்கள் ஒழுங்கையில் ஒன்பது கேற்றுகளில் வெள்ளை தொங்கியது.

ஒரு துண்டுத் துணி ஏன் வேலை செய்தது?

இதில் நான்கு விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, அதன் விலை குறைவு. ஊர்வலத்துக்கு வரப் பயந்தவர்களால்கூட ஒரு முடிச்சுப் போட முடியும். பயந்த சமூகத்திடம் பெரிய தியாகத்தைக் கேட்டால் வீரர்கள் நான்குபேர்தான் வருவார்கள். சிறிய காரியத்தைக் கேட்டால் ஒழுங்கையே வரும். எதிர்ப்பை உள்ளத்தோடு நிறுத்திக்கொள்வது ஈமானின் பலவீனமான நிலை என்று நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். உள்ளத்தில் இருந்தது ஒரு முடிச்சாகக் கைக்கு வந்த தருணம் அது.

இரண்டாவது, ‘நான் மட்டும்தானா?’ என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. அடக்குமுறையின் பெரிய பலம் நம்மை ஒருவருக்கொருவர் மறைத்து வைப்பதுதான். எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியவரும்போது நிலைமை மாறிவிடும்.

மூன்றாவது, அதை அடக்குவது அரசாங்கத்துக்குத்தான் அவமானம். வெள்ளைத் துணியைக் கழற்றுகிற பொலிஸ்காரரை எந்தக் கோணத்தில் படம் பிடித்தாலும் அழகாக இராது.

நான்காவது, வெள்ளை நமக்குக் கபன். இந்நாட்டுப் பௌத்தர்களுக்கு அது துக்கத்தின் நிறம். இறந்தவர் வீட்டுப் பாதையில் வெள்ளைக்கொடி கட்டுவது அவர்கள் வழக்கம். ஆகவே மொழிபெயர்ப்பு இல்லாமலே அவர்களுக்கு அது விளங்கியது.

துணி மட்டும் வென்றது என்று நான் சொல்லவரவில்லை. இலங்கை மருத்துவச் சங்கமும் சமூக மருத்துவர்களின் கல்லூரியும் 2021 புத்தாண்டுக் காலத்தில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். நிபுணர்கள் என்ற தூண் அங்கே ஆடியது. பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி தமிழர்களின் காணி, காணாமலாக்கப்பட்டோர் பிரச்சினைகளோடு ஜனாஸா எரிப்பையும் மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தையும் கோரிக்கைகளில் சேர்த்துக்கொண்டது. 1990இன் காத்தான்குடியையும் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்டதையும் மறக்காத எங்கள் கிழக்கு முஸ்லிம் ஊர்களில், நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் மீறி, சனம் வீதிக்கு வந்து அந்தப் பேரணியை வரவேற்றது. நான் நடக்கவில்லை. சந்தியில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவர்களோடு நின்றேன். முகக்கவசம் அன்றைக்கு இரண்டு விதத்தில் உதவியது.

பெப்ரவரி 10இல் பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கம் அனுமதிக்கப்படும் என்றார்; மறுநாளே பின்வாங்கினார்கள். 22ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. அடுத்த நாள் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். அந்த வாரக் கடைசியில் வர்த்தமானி மாறியது. இதைப் பார்த்துவிட்டு ‘இம்ரான் கான்தான் மீட்டுத்தந்தார்’ என்று சொல்பவர்கள் உண்டு. வெளிநாட்டு அழுத்தம் முக்கியம்தான். ஆனால் உள்ளே யாரும் அழாத வீட்டுக்கு வெளியிலிருந்து யார் வருவார்கள்?

அதன்பிறகும் ஒரு சூழ்ச்சி இருந்தது. அடக்கத்துக்கென்று முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். அது 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படையின் பிடியிலிருந்த தங்கள் தீவுக்கு 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப்போய்க் குடியேறிய மீனவர்களின் மண். இரண்டு சிறுபான்மையை மோதவிடுகிற வேலை. தீவு மக்கள் எதிர்த்தார்கள். நம்மவர்களும் அந்த இடத்தை ஏற்கவில்லை. கடைசியில் மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸா அடங்கியது. அந்த மண்ணில் 3,600க்கு மேற்பட்டோர் உறங்குகிறார்கள். அவர்களில் சிங்களவரும் இருக்கிறார்கள், தமிழரும் இருக்கிறார்கள்.

வேலியிலிருந்து காலிமுகத்திடலுக்கு

ஒரு வருடத்துக்குப் பிறகு பொருளாதாரம் விழுந்தது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கொழும்பின் புறநகர்ச் சந்திகளில் மாலையில் சிலர் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். மார்ச் 31 இரவு அது மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டு வாசலுக்குப் போனது. அன்று கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் வந்து நின்றார்கள். அவசரகாலச் சட்டம் போட்டார்கள், ஊரடங்கு போட்டார்கள், சமூக ஊடகங்களை முடக்கினார்கள். சில நாட்களில் அவசரகாலச் சட்டத்தை அவர்களே மீளப்பெற்றார்கள்.

ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கோட்டா கோ கம. அங்கே சமையலறை இருந்தது, நூலகம் இருந்தது, முதலுதவிக் கூடாரம் இருந்தது. அது நோன்பு காலம்; கடற்காற்றில் சிங்களவரும் தமிழரும் நம்மோடு இருந்து இப்தார் செய்தார்கள். மே 18இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களையும் அங்கே நினைவுகூர்ந்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் நினைத்துப் பார்க்கமுடியாத காரியம் அது. மே 6இல் நாடளாவிய ஹர்த்தால்.

ஹர்த்தால் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12இல் நாடு நின்றுபோனது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார்.

2022 ஜூலை 8 மாலை பொலிஸ் ஊரடங்கு அறிவித்தது. அது சட்டவிரோதம் என்று சட்டத்தரணிகள் சங்கம் சொன்னது, காலையில் நீக்கினார்கள். 9ஆம் திகதி சனம் புகையிரதத்திலும் லொறியிலும் நடந்தும் கொழும்புக்கு வந்தது. 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். 14ஆம் திகதி இராஜினாமாச் செய்தார். முன்னே சொன்ன கண்ணிகளை இங்கே வைத்துப் பாருங்கள்: வழக்கறிஞர், தொழிற்சங்கம், புகையிரத ஊழியர், மதகுரு, கடைசியில் முழுமையாகச் சுட முன்வராத படை. ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின.

எது தவறியது?

வெற்றிக்கதையோடு முடித்தால் அது வகுப்புக் கட்டுரையாகிவிடும். மே 9இல் ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் போராட்டக்காரரை அடித்தபோது அதற்குப் பதிலாக நாடெங்கும் வீடுகள் எரிந்தன, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து ‘பயங்கரவாதிகள்’ என்ற சொல்லுக்கு அரசிடம் ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. ஜனாதிபதி போனபின் அடுத்தது என்ன என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கவில்லை. ஜூலை 22 விடியுமுன் புதிய ஜனாதிபதியின் கீழ் இராணுவம் கூடாரங்களைப் பிடுங்கியது. மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். ஆளை மாற்றுவது ஒன்று, சட்டத்தை மாற்றுவது வேறு.

இன்னொன்று நமக்கே உரியது. 2020இல் கனத்தை வேலிக்கு வந்த சிங்களவர்கள் சிலநூறு பேர். தங்கள் வீட்டு விளக்கு அணைந்தபோது வந்தவர்கள் இலட்சக்கணக்கில். இதில் கோபப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் மற்றவரின் வேலிக்கு நாம் எத்தனை தரம் போனோம்? காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வருடக்கணக்கில் வீதியோரம் இருக்கிறார்கள். மலையகத்துப் பெண்களின் நாட்சம்பளம் இருக்கிறது. நம் பள்ளிவாசல் நிருவாகங்கள் இவற்றுக்கு ஓர் அறிக்கையாவது விட்டிருக்கின்றனவா?

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்ற எண்ணிக்கையும் அப்போதுதான் அரச ஆவணத்தில் வந்தது. அந்த 276 குடும்பங்களுக்கும் வர்த்தமானி மாறியது பிந்திப்போன செய்தி. அவர்களுக்கு ஸியாரத்துக்குப் போக ஒரு கபுர் இல்லை. அவர்களின் பெயர்களை, நாட்களை, எந்த வைத்தியசாலையில் என்ன கையொப்பம் கேட்டார்கள் என்பதை ஊர் ஊராகப் பதிவுசெய்வது நம் சமூகம் இனிச் செய்யவேண்டிய முதல் வேலை என்று நினைக்கிறேன். பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் சேர்ந்தால் ஒரு ஊருக்கு ஒரு கொப்பி, ஒரு மாதம் போதும். அதுவும் எதிர்ப்புத்தான். பெயர் எழுதப்பட்ட அநியாயத்தை மறுபடி செய்வது அவ்வளவு இலேசில்லை.

இனி அந்தப் பிள்ளைக்கு: மகள், நீ கேட்டது சரி. வெட்கமில்லாத ராசாவுக்கு முன்னால் சிலம்பை உடைத்துப் பலனில்லை. ஆனால் அந்த அவையில் ராசா மட்டும் இருக்கவில்லை. வாயிற்காவலன் நின்றான், ஏவலாளர் நின்றார்கள், வெளியே மதுரைச் சனம் முழுதும் நின்றது. ராசாவுக்கு வெட்கமில்லாவிட்டாலும் அவர்களில் பலருக்கு இருக்கும். நம் சிலம்பை அவர்கள் பார்க்கும்படி உடைக்கவேண்டும்.

அடுத்த தவணையில் இதை வகுப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். உம்மாவின் கபன் துணி இன்னும் அலுமாரியில் இருக்கிறது, ஓரத்தில் ஒரு சாண் குறைவாக. அது போதும் என்கிறார்.